வணிகச் சட்டக் கல்வியும் நம் மஹல்லாவும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுவையொட்டி நடைபெற்ற கல்வி விழிப்புணர்வுக் கூட்டத்தில் நம் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

உள்நாட்டு வணிகச் சட்டத்தையும் பன்னாட்டு வணிகச் சட்டத்தையும் பல்கலைக்கழகத்தில் கற்பது குறித்துப் பேசுமாறு நிர்வாகக் குழுவினர் என்னைப் பணித்தார்கள். மத்ரஸாவில் ஓதிய ஹஜ்ரத்துக்கும் இந்தத் தலைப்புக்கும் என்ன தொடர்பு என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். மத்ரஸாவில் தொழுகை, நோன்பின் சட்டங்களோடு பாடம் முடிந்துவிடுவதில்லை. வணக்க வழிபாடுகளின் பகுதி முடிந்ததும் கொடுக்கல் வாங்கலின் பகுதி விரிகிறது. ஹிதாயா ஓதியவர்கள் அறிவார்கள்: விற்பனை, பிணை, கடன் மாற்று, முகவர், கூட்டு வணிகம், அடைமானம், வாடகை என்று பாடத்துக்கு மேல் பாடமாக அது செல்லும். பட்டம் பெற்று ஊருக்கு வந்தபின் மக்கள் எங்களிடம் கேட்பதோ பெரும்பாலும் உளூவையும் தலாக்கையும் பற்றித்தான். வணிகத்தின் பாடங்களைக் கேட்க ஆளில்லாமல் அவை கிதாபோடு மூடிக் கிடக்கின்றன.

திருமறையின் மிக நீண்ட வசனம் எது? அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம். அது பேசுவது, தவணை குறித்து ஒருவருக்கொருவர் கடன் கொடுத்து வாங்கினால் அதை எழுதிக்கொள்ள வேண்டும் என்பதைப் பற்றி. எழுத்தர் நீதியோடு எழுத வேண்டும், கடன்பட்டவரே வாசகத்தைச் சொல்ல வேண்டும், சாட்சிகள் வேண்டும், தொகை சிறிதாயினும் எழுதச் சோம்பக் கூடாது, எழுத்தருக்கும் சாட்சிக்கும் தொல்லை தரக் கூடாது என்று அவ்வளவு நுணுக்கமாக அது கட்டளையிடுகிறது. எழுதத் தெரிந்தவர் எழுத மறுக்கக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. அந்த எழுத்தரின் இடத்தில் இன்று நிற்பவர் யார்? ஒப்பந்தம் வரையத் தெரிந்த சட்டப் பட்டதாரிதான் என்பது என் கருத்து.

"வக்கீல் தொழில் பொய் சொல்லும் தொழில், அதற்கு நம் பிள்ளையை அனுப்புவதா?" என்று கேட்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். பொய் சொல்பவர் எந்தத் தொழிலிலும் இருக்கிறார். தராசு பிடிக்கும் தொழிலிலும் இருக்கிறார். அத்துடன், வணிகச் சட்டம் படித்தவரின் வேலையில் பெரும்பகுதி வழக்கு வருவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. இதற்கு மேல் இந்தக் கேள்வியில் நேரம் செலவிட நான் விரும்பவில்லை.

நம் ஜமாஅத்துக்கே நேரடியாகத் தொடர்புள்ள ஒன்றை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். பண விவகாரங்கள் பள்ளிவாசலுக்கு வருகின்றன. ஒருவர் சரக்குக் கொடுத்தார், மற்றவர் பணம் தரவில்லை. இரு தரப்பும் நம்மவர், உறவினர். அசருக்குப் பின் உட்கார்ந்து பேசுகிறோம். "ரமளான் முடியட்டும்" என்கிறார் ஒருவர்; "மகள் நிக்காஹ் முடியட்டும்" என்கிறார் பின்னர். கொடுத்தவரும் ஜமாஅத்துக்கு மரியாதை செய்து பொறுத்திருக்கிறார். இப்படியே ஆண்டுகள் போகின்றன. கடைசியில் பேச்சு முறிந்து வக்கீலிடம் போனால், "மூன்று ஆண்டு கடந்துவிட்டதே, இனி வழக்குச் செல்லாது" என்கிறார்.

1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் இத்தகைய கடன்களுக்குப் பொதுவாக மூன்று ஆண்டுகளையே தருகிறது. ஜமாஅத்தில் பேசிக்கொண்டிருந்தோம் என்பது அந்தக் கணக்கை நிறுத்தாது. ஆனால் அந்த மூன்று ஆண்டுக்குள், "இவ்வளவு தொகை நான் தர வேண்டியுள்ளது" என்று கடன்பட்டவர் ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தால், அந்த நாளிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு தொடங்குகிறது. ஒரு பகுதியைச் செலுத்தி அதை எழுத்தில் ஒப்புக்கொண்டாலும் அவ்வாறே. காலம் கடந்த பின்னரும்கூட, "அந்தக் கடனை நான் செலுத்துவேன்" என்று எழுதிக் கையொப்பமிட்டால் 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் அதை ஏற்கிறது. ஒரு தாள், ஒரு கையொப்பம். இதைச் சொல்லித்தர ஒருவர் அருகில் இல்லாததால் எத்தனை குடும்பங்களின் உழைப்பு கரைந்து போயிருக்கிறது! மார்க்கத்தில் கடன் ஒருபோதும் காலாவதி ஆவதில்லை. மறுமை வரை அது கழுத்தில் தொங்கும். நீதிமன்றத்தில் அது காலாவதி ஆகிவிடுகிறது. இந்த இரண்டையும் ஒருசேர அறிந்தவர் நம் சபையில் இருக்க வேண்டாமா?

இன்னொன்றும் உண்டு. 1996-ஆம் ஆண்டின் நடுவர் மன்றச் சட்டப்படி, வணிகத் தகராறு கொண்ட இருவர், "இந்த விவகாரத்தில் இன்னாரை நடுவராக ஏற்கிறோம்" என்று எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்துகொண்டால், அந்த நடுவர் முறைப்படி வழங்கும் தீர்ப்பை நீதிமன்ற ஆணைக்கு நிகராக நிறைவேற்றிக்கொள்ளலாம். நடுவர் விசாரணைக்கு அனுப்பக் கோரும் அறிவிப்பு எதிர்த்தரப்புக்குக் கிடைத்த நாளிலேயே காலக் கணக்கும் நின்றுவிடுகிறது. நம் சபையில் பேசப்படும் கொடுக்கல் வாங்கல் விவகாரங்களை இந்த முறைக்குள் கொண்டுவர முடியும். சொன்ன சொல்லைத் தட்டிக்கழிப்பவர் அதன்பின் தப்ப இயலாது. இதற்குச் சட்டம் கற்ற இரண்டு பேர் போதும். இருபது ஆண்டுகளாக நாம் ஒருவரையும் உருவாக்கவில்லை.

அண்ணன் தம்பி கூட்டு வணிகம் குறித்தும் ஒரு வார்த்தை. 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம், பதிவு செய்யாத கூட்டு நிறுவனம் தன் ஒப்பந்த உரிமைக்காக வெளியார் மீது வழக்குத் தொடுக்க முடியாது என்கிறது. "அண்ணனுக்கும் தம்பிக்கும் இடையே தாள் எதற்கு?" என்கிறோம். திருமறை அண்ணனுக்கும் தம்பிக்கும் விலக்கு அளித்ததாக நான் ஓதவில்லை.

இனி, எல்லை கடந்த வணிகத்துக்கு வருகிறேன். நம் ஊரிலிருந்து வாணியம்பாடியும் ஆம்பூரும் எவ்வளவு தொலைவு? நம் மஹல்லாவின் குடும்பங்கள் பல, நேரடியாகவோ ஜாப் ஒர்க் மூலமாகவோ தோலையும் ஷூ அப்பரையும் நம்பித்தான் அடுப்பு மூட்டுகின்றன. இந்த மலையில் கிடைக்கும் கடுக்காய்க்கும் ஆவாரம்பட்டைக்கும் தோல் பதனிடும் தொழிலோடு உள்ள பழைய உறவைப் பெரியவர்கள் அறிவார்கள். இங்கே தைக்கப்படும் மேல்தோல் எங்கோ ஐரோப்பாவில் ஒருவர் காலில் ஏறுகிறது. இடையில் ஆங்கிலத்தில் பல பக்க ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. நம்மவர் அதன் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்க்கிறார். ஏனெனில் கையொப்பம் இட வேண்டிய இடம் அங்கேதான் இருக்கிறது.

அதன் உள்ளே என்ன இருக்கிறது? எஃப்.ஓ.பி. என்ற மூன்றெழுத்து இருந்தால், சென்னைத் துறைமுகத்தில் சரக்குக் கப்பலில் ஏறியதும் இழப்பின் பொறுப்பு வாங்குபவருக்கு மாறிவிடுகிறது. சி.ஐ.எஃப். என்றால் கப்பல் கட்டணமும் காப்புறுதியும் நம் செலவு. டி.டி.பி. என்றால் அந்நாட்டின் இறக்குமதி வரி உட்பட எல்லாம் நம் தலையில். பாரிஸ் நகரில் உள்ள பன்னாட்டு வணிகச் சபை 1936-இல் முதன்முதலாக வகுத்து, பலமுறை திருத்தி, கடைசியாக 2020-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த சொற்கள் இவை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குகள் மீதான கூடுதல் வரியை 50 விழுக்காட்டுக்கு உயர்த்தியபோது, அந்தச் சுமை சட்டப்படி யாருடையது என்பதற்கு விடை இந்த மூன்றெழுத்துகளில்தான் இருந்தது. வரி வாங்குபவருடையதாக இருக்கும்போதே விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்பவரிடம், "இது உங்கள் பொறுப்பு, ஆயினும் பேசுவோம்" என்று தொடங்குவது வேறு, எதுவும் அறியாமல் தலையாட்டுவது வேறு.

இவ்விடத்தில் மத்ரஸாப் பாடம் ஒன்று நினைவுக்கு வருகிறது. பைஉ ஸலம் என்று ஒரு விற்பனை உண்டு. விலை முழுவதையும் முன்னதாகக் கொடுத்து, சரக்கைப் பின்னர் பெறுவது. அது செல்லுபடியாக இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் நிபந்தனைகள் வகுத்தார்கள்: சரக்கின் இனம், வகை, தரம், அளவு, ஒப்படைக்கும் நாள், விலையின் அளவு ஆகியவை தெளிவாக இருக்க வேண்டும். சுமந்து செல்லச் செலவாகும் சரக்காயின் ஒப்படைக்கும் இடத்தையும் குறிப்பிட்டாக வேண்டும். அவர்களின் இரு மாணவர்களும் இந்தக் கடைசி நிபந்தனையில் கருத்து மாறுபட்டார்கள். ஓதுகிற வயதில், இடத்துக்காக ஏன் இவ்வளவு விவாதம் என்று வியந்ததுண்டு. எஃப்.ஓ.பி.யின் விளக்கத்தைக் கேட்டபோதுதான் அதன் எடை புரிந்தது. மாதிரி காட்டி விற்ற சரக்கு மாதிரியை ஒத்திருக்க வேண்டும், வாங்குபவருக்குச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு வேண்டும் என்று 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் கூறுவதும், பார்வை உரிமை, குறை உரிமை என்று நாங்கள் ஓதியதும் ஒன்றுக்கொன்று அந்நியமானவை அல்ல. ஆலிம் பட்டம் பெற்ற இளைஞர், பள்ளிக் கல்வித் தகுதியும் பெற்றுச் சட்டக் கல்லூரிக்குச் சென்றால், ஒப்பந்தச் சட்டத்தின் முதல் வகுப்பிலேயே அவருக்குப் பாதி வீடு பழகியதாக இருக்கும்.

தகராறு வந்தால் எங்கே தீர்ப்பு என்பது அடுத்த வரி. லண்டனில் நடுவர் விசாரணை என்று ஒப்பந்தத்தில் இருந்தால், சில இலட்ச ரூபாய்ச் சரக்குக்காக அங்கே போய் வாதாட நம்மால் இயலுமா? போகாவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வரக்கூடும். 1958-ஆம் ஆண்டின் நியூயார்க் உடன்படிக்கையை இந்தியா 1960-இல் ஏற்றுக்கொண்டது. ஆகவே அத்தகைய அயல்நாட்டுத் தீர்ப்பு, சட்டம் வகுத்த சில காரணங்களால் மறுக்கப்பட்டாலன்றி, நம் ஊரில் உள்ள நம் சொத்தின் மீதே நிறைவேற்றப்படும். இன்னொன்று, 1980-இல் வியன்னாவில் உருவான பன்னாட்டுச் சரக்கு விற்பனை உடன்படிக்கையில் உலகின் பெரிய வணிக நாடுகள் பல சேர்ந்துள்ளன, இந்தியா சேரவில்லை. ஆகவே எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்பதை ஒப்பந்தத்திலேயே கேட்டு எழுதிக்கொள்வது நமக்கு இன்றியமையாதது. வங்கியின் எல்.சி. கதையும் இத்தகையதே. வங்கி தோலைத் தொட்டுப் பார்ப்பதில்லை. ஆவணத்தை மட்டும் பார்க்கிறது. பெயரிலோ நாளிலோ முரண் இருந்தால் பணம் நிற்கும்.

சிறு ஜாப் ஒர்க் செய்வோர் இதைக் கேட்டு, "இவையெல்லாம் முதலாளிகளுக்கு" என்று எழுந்துவிட வேண்டாம். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம், பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணத்தை, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் தர வேண்டும் என்கிறது. தராவிட்டால் அதற்கென உள்ள மன்றத்தில் முறையிடலாம். தாமதத்துக்கு அச்சட்டம் வட்டியும் தருகிறது. அந்த வட்டி நமக்கு வேண்டாம். அசல் உரிய நாளில் வந்தால் போதும். எந்த விதியில் வட்டி ஒளிந்திருக்கிறது என்று அறியவும் சட்டம் படித்தவர்தான் தேவை என்பதை வட்டியை அஞ்சுவோர் கவனிக்க வேண்டும்.

சட்டம் நமக்குச் சாதகமானதை மட்டும் சொல்லாது என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை. பாலாற்றில் தோல் கழிவு கலந்ததற்கு எதிராக வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு 1991-இல் தொடுத்த வழக்கில், நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும், தீங்கு நேருமுன் தடுக்க வேண்டும் என்ற இரு கோட்பாடுகளும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அது அறிவித்தது. தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றும் 10,000 ரூபாய் அபராதம் செலுத்த ஆணையிட்டது. இந்தியாவின் சட்டக் கல்லூரிகள் அனைத்திலும் இன்று இது பாடம். நம் வாசலில் பிறந்த தீர்ப்பை நாடெங்கும் மாணவர்கள் படிக்கிறார்கள். நம் பிள்ளைகள் மட்டும் படிக்கவில்லை. அந்தக் கோட்பாடுகள் திடீரென வானத்திலிருந்து விழவில்லை. 1972-இல் ஸ்டாக்ஹோமிலும் 1992-இல் ரியோவிலும் உலக நாடுகள் கூடிப் பேசியவற்றின் தொடர்ச்சி அவை. அதேபோல, தோலில் பூஞ்சை பிடிக்காமலிருக்கப் பயன்படுத்திய ஒரு ரசாயனத்தை ஜெர்மனி 1989-இல் தடை செய்தபோது, அங்கே இயற்றப்பட்ட சட்டம் இங்குள்ள தோல் தொட்டிகளை உலுக்கியது. வருவதை முன்கூட்டியே வாசித்துச் சொல்ல ஆள் இருந்தால், தொழிலையும் காக்கலாம், அண்டை வீட்டு விவசாயியின் கிணற்றையும் காக்கலாம். அந்தக் கிணற்றுக்காரரின் உரிமையைப் பற்றிக் கியாமத்தில் நம்மிடமே கேட்கப்படும். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மீண்டும் பாலாற்று மாசு குறித்துத் தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு கிடைக்க வழி செய்திருக்கிறது. வழக்கு முடிந்த கதை அல்ல.

மலைக்கு வருவோம். ஜமுனாமரத்தூரிலிருந்து சாமையும் தேனும் புளியும் பலாவும் இறங்குகின்றன. வாங்கும் கைகளில் நம் கைகளும் உள்ளன. விதைப்புக் காலத்தில் முன்பணம் கொடுத்து, அறுவடையில் நாம் சொன்னதே விலை என்று எடுக்கும் வழக்கம் முற்றும் ஒழிந்துவிட்டது என்று யாரேனும் இந்த மிம்பருக்கு அருகில் நின்று சொல்ல முடியுமா? வெளியூர் வணிகக் கூட்டம் சந்தைக்கு வந்து விலையை அறியும் முன்பே வழிமறித்து வாங்குவதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். அப்படி விற்றவர் சந்தைக்கு வந்தபின் விற்பனையை மறுக்கும் உரிமை பெறுகிறார் என்றும் அறிவிப்பு உண்டு. மலையடிவாரச் சோதனைச்சாவடிக்கு முன்பாகவே மூட்டையை மடக்குவது இதில் சேராது என்று எந்த ஆலிம் சொல்வார்? ஒருவரின் முடிவை ஆட்டிவைக்கும் நிலையிலிருந்துகொண்டு நியாயமற்ற இலாபம் பெறுவதை ஒப்பந்தச் சட்டத்தின் 16-ஆம் பிரிவும் முறையற்ற செல்வாக்கு என்கிறது. அத்தகைய ஒப்பந்தத்தைப் பாதிக்கப்பட்டவர் ரத்து செய்யலாம். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், சிறு வனப் பொருள்களைச் சேகரிக்கவும் விற்கவும் மலைவாழ் மக்களுக்கு உரிமையை உறுதிசெய்தது. அவர்கள் இன்று உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் அமைத்துச் சாமையைத் தாமே அரைத்து விற்கிறார்கள். அவர்களோடு நேர்மையான எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளும் வணிகர் நம்மிடையே உருவாக வேண்டும். அந்த ஒப்பந்தத்தை இரு தரப்புக்கும் புரியும் தமிழில் எழுதித் தருபவரும் நம் பிள்ளையாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

அவர்கள் நமக்காகக் காத்திருக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதே ஜவ்வாது மலையில் புலியூர் என்ற சிற்றூரைச் சேர்ந்த மலையாளிப் பழங்குடிப் பெண் ஸ்ரீபதி, சட்டம் படித்து, உரிமையியல் நீதிபதித் தேர்வில் வெற்றி பெற்றார். குழந்தை பிறந்து இரண்டே நாளில் சென்னைக்குப் பயணம் செய்து அந்தத் தேர்வை எழுதினார். 2024 பிப்ரவரியில் செய்தி வெளியானபோது அவருக்கு வயது 23. பேருந்து வசதி குறைந்த மலை கிராமத்திலிருந்து ஒரு தாய் இதைச் செய்ய முடியுமானால், பேருந்து நிலையத்துக்கு அருகில் குடியிருக்கும் நாம் எந்தக் காரணத்தைச் சொல்வது? திரைக்கு அப்பால் உள்ள தாய்மார்கள் இதைத் தங்கள் பெண்பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

எங்கே படிப்பது? பிளஸ் டூ முடித்தவர்களுக்கு ஐந்தாண்டுப் படிப்பு உண்டு. ஏதேனும் பட்டம் பெற்றவர்களுக்கு மூன்றாண்டு. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியில் பி.காம். முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகள் இந்த மூன்றாண்டுப் படிப்பைக் கவனிக்கட்டும். அருகில் வேலூரில் 2008 முதல் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. சென்னையில் டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப் பள்ளியில் பி.காம்., பி.பி.ஏ. பட்டங்களோடு இணைந்த ஹானர்ஸ் சட்டப் படிப்பு உண்டு; வணிகத்தில் நாட்டம் உள்ளவர்களுக்கு அது ஏற்றது. திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் சேர 'கிளாட்' என்ற அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அது அண்மை ஆண்டுகளில் டிசம்பரிலேயே நடந்துவிடுகிறது. ஆகவே இப்போது பிளஸ் ஒன் முடித்திருப்போர்தான் அதற்கு ஆயத்தமாக வேண்டும். மாநிலக் கல்லூரிகளில் 2007 முதல் நமக்கு 3.5 விழுக்காடு தனி இடஒதுக்கீடு இருக்கிறது. அந்த இடங்களுக்கு விண்ணப்பிக்க நம் மஹல்லாவிலிருந்து ஒருவராவது போக வேண்டும்.

ஒப்பந்தம், கம்பெனிச் சட்டம், வரி, நடுவர் முறை ஆகியவை எல்லாருக்கும் பாடம். அதற்கு மேல், பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டு விதிகள் வணிகச் சட்டத்தையும் பன்னாட்டு வர்த்தகச் சட்டத்தையும் தனித்தனி விருப்பப் பாடத் தொகுதிகளாக வைத்துள்ளன. கல்லூரி எதைக் கற்பிக்கிறது என்று சேருமுன் கேட்டறிய வேண்டும். பின்னர் எல்.எல்.எம். படிப்பில் அதையே ஆழமாகக் கற்கலாம். ஆங்கிலம் கடினம் என்று அஞ்சுவோருக்கு ஒன்று சொல்வேன்: வீட்டில் உருதும் வீதியில் தமிழும் மத்ரஸாவில் அரபியும் பழகிய பிள்ளைக்கு நான்காவது மொழி மலைப்பாக இருக்கத் தேவையில்லை.

தேர்வு முடிவு வெளியான நாளுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை, அசர் தொழுகைக்குப் பின் கல்விக் குழுவினர் மத்ரஸா அறையில் இருப்பார்கள். மதிப்பெண் பட்டியல், பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் எனக் குறிப்பிட்ட சாதிச் சான்று, வருமானச் சான்று ஆகியவற்றோடு வாருங்கள். பெண்பிள்ளைகள் தாயாரோடு வரலாம். அவர்களுக்கென மறுநாள் காலை தனி நேரம் ஒதுக்கப்பட்டுள்ளது. சாதிச் சான்று இல்லாதவர்கள் அதற்காகக் காத்திராமல் இந்த வாரமே தாலுகா அலுவலகத்துக்கு விண்ணப்பித்துவிடுங்கள். அதற்கு உதவச் செயலாளர் அவர்கள் முன்வந்திருக்கிறார்கள்.